கெர்னல் நெட்வொர்க் டெஸ்டுகளைச் சுருக்குவது: எதை லைப்ரரிக்குத் தள்ளலாம், எதைக் கண்முன் வைக்க வேண்டும்?

வழித்தடம் எழுதியது:

லினக்ஸ் கெர்னல் மூலத்தில் நெட்வொர்க் டெஸ்டுகள் இருக்கும் ‘டூல்ஸ்/டெஸ்டிங்/செல்ஃப்டெஸ்ட்ஸ்/நெட்’ அடைவைத் திறந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஷெல் ஸ்கிரிப்டுகள் குவிந்து கிடக்கின்றன. எஃப்சிநால்-டெஸ்ட், பிஎம்டியூ, எஃப்ஐபி_டெஸ்ட்ஸ் போன்றவை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வரிகள். எங்கள் குழுவிலும் இதே பாணியில் எழுதிய டெஸ்டுகள் நிறைய இருக்கின்றன. பாதை எம்டியூவை, அதாவது வழியில் துண்டாகாமல் போகக்கூடிய மிகப்பெரிய பாக்கெட் அளவை, சோதிக்கும் ஒன்றை இப்போது சுருக்கிக்கொண்டிருக்கிறேன். அதை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறேன்.

அந்த டெஸ்ட் செய்வது மிகச் சின்ன வேலை. மூன்று நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்கள் (ஒரே கெர்னலுக்குள் தனித்தனி வலைகள்): அனுப்புபவர், நடுவில் ரவுட்டர், பெறுபவர். இரண்டு வெத் ஜோடிகள் (மெய்நிகர் கேபிள்கள்) இவற்றை இணைக்கின்றன. அனுப்புபவர் பக்க இணைப்பின் எம்டியூ 1500, பெறுபவர் பக்கம் 1400. துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1500 பைட் பாக்கெட் ஒன்றை அனுப்பினால், ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு ‘துண்டாக்க வேண்டும், எம்டியூ 1400’ என்று ஐசிஎம்பி பிழைச்செய்தி அனுப்ப வேண்டும். அனுப்புபவரின் கெர்னல் அதை வாங்கி ரவுட் விதிவிலக்கு ஒன்றை (அந்த முகவரிக்கு மட்டும் வேறு எம்டியூ என்ற பதிவை) உருவாக்க வேண்டும். ‘ஐபி ரவுட் கெட்’ கொடுத்தால் அதில் எம்டியூ 1400 என்றும், எப்போது காலாவதியாகும் என்றும் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

சொல்லவேண்டியது இவ்வளவுதான் என்றாலும் ஸ்கிரிப்ட் பக்கம் பக்கமாக நீள்கிறது. ரூட் உரிமை உண்டா, ஐபி கருவி இருக்கிறதா, பழைய நேம்ஸ்பேஸ் மிச்சம் இருந்தால் அழி, புதிதாக உருவாக்கு, முகவரி கொடு, பாக்கெட்டைக் கடத்தும் ஃபார்வர்டிங்கைத் திற, இரண்டு விநாடி தூங்கு, பிழை வந்தால் அழி, வராவிட்டாலும் அழி. ஐபிவி4-க்கு ஒரு முறை, ஐபிவி6-க்கு அப்படியே நகலெடுத்து இன்னொரு முறை.

என் நிலைப்பாடு இது: டெஸ்டைத் திறப்பவருக்கு இரண்டு விஷயம் உடனே தெரிய வேண்டும். வலை எப்படி இணைந்திருக்கிறது, கெர்னலிடம் என்ன எதிர்பார்க்கிறோம். இவை இரண்டும் அந்தக் கோப்பிலேயே இருக்கட்டும். மற்றதெல்லாம் லைப்ரரிக்குப் போகட்டும். வரி எண்ணிக்கை குறைவது இதன் பக்கவிளைவுதான், அதையே இலக்காக வைக்கக் கூடாது.

இதில் கைவைத்த அனுபவம் உள்ளவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

மூன்றாம்_அடுக்கு எழுதியது:

நேம்ஸ்பேஸை உருவாக்குவதும் அழிப்பதும் லைப்ரரிக்குப் போவதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. கெர்னலிலேயே அதைச் செய்துவிட்டார்கள். 2023 கடைசியில் நெட் அடைவுக்கு லிப்.எஸ்ஹெச் என்று ஒரு பொதுக் கோப்பு வந்தது, 6.8 வெளியீட்டில் இருந்து இருக்கிறது. அதில் உள்ள செட்டப்_என்எஸ் ஒரு மாறியின் பெயரை வாங்கிக்கொண்டு, தற்போக்கான (ரேண்டம்) வால் சேர்த்த பெயரில் நேம்ஸ்பேஸ் உருவாக்கி, லூப்பேக்கையும் எழுப்பிக் கொடுத்துவிடும். அப்புறம் பழைய ஸ்கிரிப்டுகளை வரிசையாக அதற்கு மாற்றினார்கள்.

பலர் இதை வெறும் சோம்பேறித்தன வசதி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய ஸ்கிரிப்டுகள் பலவற்றில் என்எஸ்1, என்எஸ்2 என்று ஒரே பெயர்கள். இரண்டு டெஸ்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒன்று உருவாக்கியதை இன்னொன்று அழிக்கும். தொடக்கத்தில் ‘மிச்சம் இருந்தால் அழி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் பக்கத்து டெஸ்டைக் கொல்கிறது. தற்போக்குப் பெயர் வந்ததும் அந்த வரிக்கே வேலை இல்லை.

அழிக்கும் பகுதியிலும் நிறைய வெட்டலாம். வெத், பிரிட்ஜ், விலேன், டம்மி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக நீக்கும் ஸ்கிரிப்டுகளைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. நேம்ஸ்பேஸ் போனால் உள்ளே இருக்கும் மெய்நிகர் சாதனங்களும் போய்விடும். வெத்தின் ஒரு முனை போனால் மறுமுனை எங்கே இருந்தாலும் கூடவே போய்விடும். நிஜமான நெட்வொர்க் அட்டையை உள்ளே நகர்த்தியிருந்தால் மட்டும் அது முதல் நேம்ஸ்பேஸுக்குத் திரும்பி வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘ஐபி நெட்என்எஸ் டெல்’ பெயரைத்தான் உடனே எடுக்கும். உள்ளே பின்னணியில் ஒரு டிசிபிடம்ப்போ நெட்கேட்டோ ஓடிக்கொண்டிருந்தால் நேம்ஸ்பேஸ் சாகாது, அது பிடித்துவைத்திருக்கும் சாதனங்களும் சாகாது. ஆகவே பின்னணி வேலைகளை நிறுத்துவது அழிக்கும் பட்டியலில் முதலில் வர வேண்டும். வரிசையை நீங்களே நினைவில் வைக்க வேண்டாம் என்றால் ‘டிஃபர்’ இருக்கிறது. 2024 கடைசியில் ஷெல் லைப்ரரிக்குள் வந்தது. ஒன்றைத் தொடங்கும் அதே இடத்தில், அதை எப்படி முடிப்பது என்பதையும் அடுத்த வரியில் எழுதிவிடலாம். கடைசியில் சொன்னது முதலில் நடக்கும். கிளீனப் என்று கோப்பின் அடியில் ஒரு தனி ஃபங்ஷன் எழுதி, மேலே மாற்றும்போதெல்லாம் கீழேயும் மாற்ற வேண்டிய தொல்லை ஒழிந்தது.

---

கருமணி எழுதியது:

தூங்கும் வரிகளைப் பற்றி யாராவது பேச வேண்டும், நான் பேசுகிறேன்.

ஒரு டெஸ்டில் ‘ஸ்லீப் 2’ இருந்தால் எழுதியவர் எதற்காகவோ காத்திருக்கிறார், ஆனால் எதற்காக என்று சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் எளிமையாக்குவதிலேயே பெரிய பகுதி. வழித்தடம் சொன்ன டெஸ்டில் அந்த இரண்டு விநாடி அநேகமாக ஐபிவி6 முகவரிக்காக இருக்கும். புது முகவரி கொடுத்ததும் அது உடனே பயனுக்கு வராது. வேறு யாராவது அதே முகவரியை வைத்திருக்கிறார்களா என்று கெர்னல் கேட்டுப் பார்க்கும். அதுவரை தற்காலிக நிலை, ஒரு விநாடியோ கொஞ்சம் கூடவோ ஆகும். நாமே உருவாக்கிய மூன்று நேம்ஸ்பேஸ் வலையில் வேறு யார் இருக்கப்போகிறார்கள்? முகவரி கொடுக்கும்போதே ‘நோடாட்’ என்று சேர்த்துவிட்டால் காத்திருப்பே வேண்டாம்.

இன்னொரு வழக்கமான காரணம், பின்னணியில் தொடங்கிய சர்வர் போர்ட்டைத் திறக்கும்வரை காத்திருப்பது. அதற்கு வெய்ட்_லோக்கல்_போர்ட்_லிசன் இருக்கிறது. ‘/ப்ராக்/நெட்/டிசிபி’ கோப்பில் அந்த போர்ட் கேட்கும் நிலைக்கு, அதாவது 0ஏ என்ற எண்ணுக்கு, வந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கும். வந்தவுடன் நகரும். வேறு எதற்காவது என்றால் பிஸிவெய்ட். ஒரு கால வரம்பையும் ஒரு கட்டளையையும் கொடுத்தால், கட்டளை வெற்றி பெறும்வரை அல்லது காலம் தீரும்வரை முயலும்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், கெர்னலின் நெட்வொர்க் பகுதியைப் பராமரிக்கும் நெட்தேவ் குழுவின் சிஐ (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) ஒரே கெர்னலில் மட்டும் ஓட்டுவதில்லை. பேட்ச்வொர்க் என்ற ரிவியூ தளத்தில் நிலுவையில் உள்ள பேட்சுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கிளை உருவாக்கி, ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா டெஸ்டுகளையும் ஓட்டுகிறது. அதில் காசான் (நினைவகப் பிழை), லாக்டெப் (பூட்டுப் பிழை) சோதனைகள் எல்லாம் போட்ட, மெதுவாக ஓடும் டீபக் கெர்னலும் உண்டு. உங்கள் கணினியில் இரண்டு விநாடி தாராளம். அங்கே போதாது. அதற்காக ஸ்லீப் 10 என்று ஏற்றினால் எல்லோருடைய நேரமும் வீண். நிபந்தனைக்காகக் காத்திருந்தால் வேகமான கணினியில் உடனே முடியும், மெதுவானதிலும் தேறும்.

நேரத்தையே அளக்கும் டெஸ்டுகள் மட்டும் வேறு கதை. இத்தனை மில்லி விநாடிக்குள் பாக்கெட் வர வேண்டும் என்று சோதித்தால் டீபக் கெர்னலில் நிச்சயம் தவறும். அதற்காகவே கேஎஸ்எஃப்டி_மெஷின்_ஸ்லோ என்ற சூழல் மாறி இருக்கிறது. அது ‘யெஸ்’ (ஆம்) என்று இருந்தால் அந்த அளவீட்டுத் தோல்வியை மட்டும் பொருட்படுத்தாமல் விடலாம். எல்லாத் தோல்விக்கும் அதைப் போர்த்திவிடாதீர்கள்.

---

தாமரைக்குளம் எழுதியது:

கொஞ்சம் மாறுபடுகிறேன்.

சிஐ-யில் ஒரு டெஸ்ட் தவறிவிட்டது என்று மின்னஞ்சல் வருகிறது. எழுதியவர் நான் இல்லை. அந்தத் துணை அமைப்பும் எனக்குப் பழக்கமில்லை. அப்போது எனக்கு வேண்டியது, டெஸ்டில் இருக்கும் கட்டளைகளை அப்படியே எடுத்து ஒரு டெர்மினலில் ஒட்டி, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பது. பழைய, நீளமான, அலங்காரமில்லாத ஸ்கிரிப்டில் அது முடியும். அடுக்கடுக்காக லைப்ரரி வைத்ததில் முடியாது.

செல்ஃப்டெஸ்டுகளின் ஃபார்வர்டிங் அடைவை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல டெஸ்டுகள்தான், குறை சொல்லவில்லை. 2018-இல் இருந்து வளர்ந்தவை. நிஜ ஸ்விட்சிலும் ஓட வேண்டும் என்பதால் நேம்ஸ்பேஸுக்குப் பதில் விஆர்எஃப் (ஒரே கணினியில் தனித்தனி ரவுட் அட்டவணைகள்) பயன்படுத்துகிறார்கள், அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் ஹெச்1_கிரியேட் என்ன செய்கிறது என்று பார்க்கப் போனால் சிம்பிள்_இஃப்_இனிட்டுக்குப் போக வேண்டும், அங்கிருந்து விஆர்எஃப் உருவாக்கும் ஃபங்ஷனுக்கு, அங்கிருந்து அட்டவணை எண் ஒதுக்கும் இன்னொன்றுக்கு. ஓடும் கட்டளைகளைக் காட்டும் ‘செட் -எக்ஸ்’ போட்டால் திரை நிரம்பி வழிகிறது. ஒரு முகவரி எந்த இடைமுகத்தில் போய் உட்கார்ந்தது என்று தெரிவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

ஆகவே என் கோரிக்கை: வலை அமைக்கும் கட்டளைகளைத் தயவுசெய்து ஃபங்ஷனுக்குள் ஒளிக்காதீர்கள். ‘இரண்டு_ஹோஸ்ட்_ஒரு_ரவுட்டர்’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதினால் முதல் டெஸ்டுக்கு அழகாக இருக்கும். இரண்டாவது டெஸ்டுக்கு எம்டியூ வேறு வேண்டும், ஒரு அளவுரு சேர்ப்பீர்கள். மூன்றாவதற்கு ஐபிவி6 மட்டும், நான்காவதற்கு நடுவில் பிரிட்ஜ். ஆறு அளவுரு ஆனதும் அந்த ஃபங்ஷனுக்கே ஒரு டெஸ்ட் வேண்டியிருக்கும்.

---

வழித்தடம் எழுதியது:

தாமரைக்குளம், நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வலையைக் கோப்பிலேயே வைக்க வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன். நேம்ஸ்பேஸ் உருவாக்குவது எல்லா டெஸ்டுக்கும் ஒன்றே, அது போகலாம். வெத்தை யாரோடு யார் இணைக்கிறோம், எந்த முகவரி, எந்த எம்டியூ என்பது இந்த டெஸ்டுக்கே உரியது, அது இருக்க வேண்டும். ஐபி கட்டளைக்கு ‘-என்’ கொடுத்து நேம்ஸ்பேஸ் பெயரைச் சொன்னால் ‘நெட்என்எஸ் எக்ஸெக்’ சுற்றலும் குறைகிறது. வெத் உருவாக்கும்போதே மறுமுனையை இன்னொரு நேம்ஸ்பேஸில் பிறக்கச் செய்யலாம், எம்டியூவையும் அங்கேயே கொடுக்கலாம். உருவாக்கு, நகர்த்து, மாற்று என்று மூன்று வரி இருந்தது ஒன்றாகிறது, எதுவும் ஒளியவில்லை.

கையால் ஓட்டிப் பார்ப்பதற்கு: லைப்ரரியில் பாஸ்_ஆன்_ஃபெயில் (‘தவறினால் இடைநிறுத்து’) என்ற வசதி இருக்கிறது. அதை ‘யெஸ்’ ஆக வைத்தால் தவறிய இடத்தில் நின்றுவிடும், நேம்ஸ்பேஸ்கள் உயிரோடு இருக்கும், உள்ளே போய்ப் பார்க்கலாம். கட்டளைகளை ஒட்டி ஓட்டுவதைவிட எனக்கு அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் தவறிய அதே நிலை கைக்குக் கிடைக்கிறது.

இனி பைத்தான் பற்றி. புதிதாக வருபவை பலவும் பைத்தானில் இருக்கின்றன. ஷெல்லைச் சுருக்குவதற்குப் பதில் அங்கே தாவிவிடலாமா?

---

சிறுதுளி எழுதியது:

நான் அந்தப் பக்கம்தான். 2024 ஏப்ரல் வாக்கில் பைத்தான் லைப்ரரி உள்ளே வந்தது, 6.10 வெளியீடு. அதற்கு முன்பே 6.3-இல் நெட்லிங்க் (கெர்னலோடு பேசும் இடைமுகம்) வரையறைகளை யாமல் கோப்புகளாக எழுதும் முறை வந்திருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் இதன் பலம். ஒரு சாதனத்தின் க்யூ விவரம் வேண்டும் என்றால் கருவியின் வெளியீட்டை கிரெப், ஆக் என்று வெட்டி எடுக்க வேண்டியதில்லை. நெட்லிங்க்கிடமே கேட்டு, டிக்‌ஷனரியாக வாங்கிக்கொள்ளலாம்.

வழித்தடம் டெஸ்டில் ‘ஐபி ரவுட் கெட்’ வெளியீட்டில் ‘எம்டியூ’ என்ற சொல்லைத் தேடுகிறீர்கள் இல்லையா? அந்த வரியின் வடிவம் என்றாவது மாறலாம். ‘ஐபி -ஜே’ கொடுத்தால் ஜேசான் வருகிறது. பைத்தான் லைப்ரரியின் ஐபி ஃபங்ஷனில் ‘ஜேசான் உண்மை’ என்று சொன்னாலே போதும், பட்டியலாக வந்துவிடும்.

பிழை கையாளுதலில்தான் பெரிய வித்தியாசம். ஷெல்லில் ஒரு கட்டளை தவறினால் ஸ்கிரிப்ட் பேசாமல் அடுத்த வரிக்குப் போகும். பைத்தானின் சிஎம்டி தவறினால் எக்ஸப்ஷன் எழுப்பும், எந்த வரி, கட்டளை என்ன சொன்னது எல்லாம் அச்சாகும். பின்னணி வேலைக்கு பிகேஜி இருக்கிறது, ‘வித்’ தொகுதியை விட்டு வெளியே வந்ததும் அந்த வேலையை முடித்துவைக்கும். டிஃபர் இங்கேயும் உண்டு.

கேஎஸ்எஃப்டி_ஈக்யூ பற்றி ஒன்று சொல்ல வேண்டும், புதியவர்கள் தடுமாறும் இடம். அது சமமில்லை என்றால் டெஸ்ட் தவறியது என்று குறித்துக்கொள்ளும், ஆனால் நிறுத்தாது. அடுத்த வரி ஓடும். அடுத்த வரி அந்த மதிப்பை நம்பியிருந்தால் அங்கே வேறொரு எக்ஸப்ஷன் வெடித்து, பார்ப்பவரைத் திசைதிருப்பும்.

டிரைவர் டெஸ்டுகளுக்கு இன்னும் ஒரு லாபம். மறுமுனை எங்கே இருக்கிறது என்பதை டெஸ்ட் அறிய வேண்டியதில்லை. சூழல் மாறிகளில் இடைமுகப் பெயரும் முகவரிகளும் கொடுத்து, மறுமுனை நேம்ஸ்பேஸா அல்லது எஸ்எஸ்ஹெச் வழியாகப் போகும் இன்னொரு கணினியா என்று சொன்னால் போதும். ஒன்றும் கொடுக்காவிட்டால் நெட்தேவ்சிம் என்ற போலிச் சாதனத்தில் ஓடும். ஒரே டெஸ்ட், மடிக்கணினியிலும் ஓடும், நிஜ அட்டையிலும் ஓடும்.

---

நள்ளிரவுத்_தொகுப்பு எழுதியது:

சாக்கெட் ஏபிஐ-யைச் சோதிக்கிறீர்கள் என்றால் ஷெல்லும் வேண்டாம் பைத்தானும் வேண்டாம், சி-யிலேயே எழுதுங்கள். கேசெல்ஃப்டெஸ்ட்_ஹார்னஸ் ஹெடரைப் பயன்படுத்துங்கள். செக்காம்ப் டெஸ்டுகளுக்காகப் பிறந்து, 2017-இல் எல்லோருக்கும் பொதுவானது. ஃபிக்ஸ்சர் (டெஸ்டுக்கான பொது அமைப்பு) ஒன்று, அதற்கு வேரியன்டுகள் (மாறும் மதிப்புகள்), அப்புறம் டெஸ்டை எழுதும் டெஸ்ட்_எஃப். நெட் அடைவில் டிஎல்எஸ் டெஸ்டைப் பாருங்கள். டிஎல்எஸ் 1.2, 1.3, ஒவ்வொரு சைஃபர் என்று வேரியன்டுகள் மேலே வரிசையாக நிற்கின்றன. டெஸ்ட் ஒருமுறைதான் எழுதப்பட்டிருக்கிறது, எல்லாவற்றோடும் ஓடுகிறது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு வசதி: ஹார்னஸ் ஒவ்வொரு டெஸ்டையும் தனிச் சேய் ப்ராசஸில் ஓட்டுகிறது. ஆகவே ஃபிக்ஸ்சர் அமைப்பில் ‘அன்ஷேர்’ அழைத்துப் புது நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் எடுத்துக்கொண்டால், டெஸ்ட் முடிந்து ப்ராசஸ் போனதும் நேம்ஸ்பேஸும் போய்விடும். சுத்தம் செய்ய ஒரு வரிகூட எழுத வேண்டாம். நடுவில் கிராஷ் ஆனாலும் மிச்சம் ஒன்றும் இருக்காது.

டிசிபி நடத்தையைப் பாக்கெட் பாக்கெட்டாகச் சோதிக்கிறீர்கள் என்றால் பாக்கெட்ட்ரில். 2013-இல் கூகுள் வெளியிட்டது, 2024 முதல் அதன் ஸ்கிரிப்டுகள் கெர்னல் செல்ஃப்டெஸ்டுக்குள்ளேயே இருக்கின்றன. இத்தனையாவது விநாடியில் இந்த பாக்கெட் உள்ளே வரும், அந்த பாக்கெட் வெளியே போக வேண்டும் என்று எழுதினால் அதுவே டெஸ்ட். அதைவிடச் சுருக்க முடியாது.

---

தாமரைக்குளம் எழுதியது:

எல்லாம் சரி. இப்போது என் உண்மையான கவலைக்கு வருகிறேன். டெஸ்டைச் சுருக்கும்போது அது பலவீனமாகிவிட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. கெர்னல் நிரலை மாற்றினால் டெஸ்ட் காப்பாற்றும். டெஸ்டையே மாற்றினால் எது காப்பாற்றும்? பச்சையாக ஓடுகிறது என்பது எதையும் நிரூபிக்காது. எதையுமே சோதிக்காத டெஸ்டும் பச்சையாகத்தான் ஓடும்.

வழித்தடம் சொன்ன பாதை எம்டியூ டெஸ்டையே எடுங்கள். அதில் பெரிய பிங் தோற்க வேண்டும், அதுதான் எதிர்பார்ப்பு. ஆகவே அந்த வரியில் ‘|| ட்ரூ’ (தோற்றாலும் பரவாயில்லை) போட்டு, வெளியீட்டை ‘/தேவ்/நல்’ பக்கம் திருப்பியிருப்பார்கள். இப்போது பிங் கருவியே இல்லாவிட்டாலும் தோல்விதான், ரவுட்டரில் ஃபார்வர்டிங் திறக்காவிட்டாலும் தோல்விதான். மூன்று தோல்விக்கும் ஒரே முகம். அடுத்த வரியில் விதிவிலக்கு உருவானதா என்று பார்ப்பதால் இந்த ஒரு டெஸ்ட் தப்பித்துக்கொள்கிறது.

ஆனால் எதிர்மறை டெஸ்டை நினைத்துப் பாருங்கள். ரவுட்டில் ‘எம்டியூ லாக்’ (எம்டியூவை மாற்றாதே என்ற பூட்டு) போட்டிருந்தால் ஐசிஎம்பி வந்தாலும் கெர்னல் விதிவிலக்கு உருவாக்கக் கூடாது. இதை எப்படி எழுதுவீர்கள்? லாக் போடு, பெரிய பிங் அனுப்பு, விதிவிலக்கு இல்லை என்று பார். வலை முழுவதும் உடைந்து கிடந்தாலும் இந்த டெஸ்ட் தேறும்! முகவரி ஒன்றைத் தவறாகக் கொடுத்து பாக்கெட் ரவுட்டருக்கே போகாவிட்டாலும் தேறும். சுருக்கும்போது இரண்டு டெஸ்டுகளுக்கும் பொதுவான அமைப்பை ஃபங்ஷனாக மாற்றி, அதில் ஒரு வரி விட்டுப்போனால், நேர்மறை டெஸ்ட் கத்தும், எதிர்மறை டெஸ்ட் ஊமையாக இருக்கும்.

ஆகவே எதிர்மறை டெஸ்ட் தனியாக நிற்கக் கூடாது. அதே வலையில், லாக் இல்லாமல், முதலில் விதிவிலக்கு உருவாகிறது என்று காட்டுங்கள். அப்புறம் ரவுட் கேஷைக் காலி செய்து, லாக் போட்டு, இப்போது உருவாகவில்லை என்று காட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் மாறியது லாக் ஒன்றுதான் என்பது படிப்பவருக்கும் தெரியும். இரண்டு வரி கூடும். கூடட்டும், அந்த இரண்டு வரியைக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

சுருக்கி முடித்ததும் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். அந்த டெஸ்ட் எந்தப் பிழைக்காக எழுதப்பட்டதோ, அந்தத் திருத்தத்தைக் கெர்னலில் இருந்து எடுத்துவிட்டு ஓட்டுங்கள். சிவப்பாக வேண்டும். விர்ட்மி-என்ஜி இருந்தால் இது பெரிய வேலையே இல்லை. கெர்னலைக் கட்டி, அதே கோப்பமைப்போடு க்யூஇஎம்யூவில் எழுப்பி, டெஸ்டை ஓட்டி, வெளியே வந்துவிடலாம். எந்த கமிட்டை எடுத்துவிட்டு ஓட்டினேன் என்று பேட்ச் விளக்கத்திலும் எழுதுங்கள். ரிவியூ செய்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இன்னொன்று, ஸ்கிப். 4 என்ற எக்ஸிட் எண் ‘தவிர்க்கப்பட்டது’ என்று பொருள். கருவி இல்லை, கெர்னலில் அந்த வசதி இல்லை என்றால் 4 கொடுத்து வெளியேறுவது சரியே. ஆனால் புது அமைப்பு ஃபங்ஷன் எந்தத் தவறுக்கும் 4 கொடுத்தால், டெஸ்ட் பல மாதங்கள் ஓடாமலே கிடக்கும், யாருக்கும் தெரியாது. தேவையான கெர்னல் விருப்பங்களை அதே அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்பில் சேருங்கள். அமைக்கும்போது எதிர்பாராமல் எது உடைந்தாலும் அது தோல்விதான், தவிர்ப்பு அல்ல.

---

மூன்றாம்_அடுக்கு எழுதியது:

மேலே சொன்னதற்கு முழுமையாக உடன்படுகிறேன்.

வழித்தடம், இதை அப்ஸ்ட்ரீமுக்கு, அதாவது மூலக் கெர்னலுக்கு, அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். நெட்தேவ் மெயின்டெய்னர்களின் வழிகாட்டி ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது: வேறு எந்த வேலையோடும் சேராத, வெறும் சுத்தம் செய்யும் பேட்சுகளை அவர்கள் ஊக்குவிப்பதில்லை. திருத்தங்களைப் பழைய கெர்னல் கிளைகளுக்குப் பின்னோக்கிக் கொண்டுபோவது கடினமாகும், ரிவியூ செய்பவர்களின் நேரமும் போகும். ஆகவே ‘டெஸ்டைச் சுருக்கினேன்’ என்று மட்டும் அனுப்பாதீர்கள். புது டெஸ்ட் ஒன்றைச் சேர்க்கும்போது, அல்லது சிஐ-யில் ஒரு டெஸ்ட் ஒருநேரம் தேறி ஒருநேரம் தவறுவதைச் சரிசெய்யும்போது, அதற்குத் தேவையான அளவு சுருக்குங்கள். பேட்சுகளைப் பிரியுங்கள்: நடத்தை மாறாத இடமாற்றம் ஒன்று, புது டெஸ்ட் இன்னொன்று. ஒரு தொடரில் 15-க்கு மேல் போகக் கூடாது. அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரம், புது வேலைகளை ஏற்கும் நெட்-நெக்ஸ்ட் கிளை மூடியிருக்கும், அப்போது அனுப்ப வேண்டாம்.

பின்னோக்கிக் கொண்டுபோவது என்றேன், அதை விளக்க வேண்டும். பிழைத் திருத்தமும் அதற்கான டெஸ்டும் ஒரே தொடரில் வருவது வழக்கம். அந்தத் திருத்தம் பழைய நீண்டகாலக் கிளைக்குப் போகும்போது டெஸ்டும் கூடப் போனால், அங்கே நெட் அடைவின் லிப்.எஸ்ஹெச் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் டெஸ்ட் முதல் வரியிலேயே விழும். லைப்ரரியில் புது ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்து, அதே தொடரில் பிழைத் திருத்தத்தின் டெஸ்டை அதை நம்ப வைத்தால் கிளைகளைப் பராமரிப்பவர்களுக்குத் தொல்லை. திருத்தத்தோடு போகும் டெஸ்டை ஏற்கெனவே பழகிய ஃபங்ஷன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேக்ஃபைலையும் மறக்காதீர்கள். வேறு அடைவில் உள்ள லைப்ரரியை சோர்ஸ் செய்தால் டெஸ்ட்_இன்க்ளூட்ஸ் பட்டியலில் சேர்க்க வேண்டும். மூல மரத்துக்குள்ளேயே ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. இன்ஸ்டால் செய்து வேறு கணினிக்கு எடுத்துப் போனால் கோப்பு அங்கே இருக்காது.

---

வழித்தடம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறேன்.

செட்டப்_என்எஸ் ஒரே அழைப்பில் மூன்று நேம்ஸ்பேஸையும் தருகிறது. அடுத்து வலை, ஒவ்வொரு வெத்துக்கும் ஒரு வரி, முகவரிகள் நோடாடோடு. ரவுட்டரில் ஃபார்வர்டிங். ஸ்லீப் எதுவும் இல்லை. முதலில் சின்ன பிங், அது தேற வேண்டும், தேறாவிட்டால் அமைப்புத் தோல்வி என்று சொல்லி நிற்கும். அப்புறம் பெரிய பிங். விதிவிலக்கு வந்ததா என்று பிஸிவெய்ட்டில் பார்க்கிறது, ஜேசானில் இருந்து எம்டியூ மதிப்பை எடுத்து 1400-ஓடு ஒப்பிடுகிறது. அதன் பின் கேஷ் காலி, லாக், மறுபடியும். தாமரைக்குளம் சொன்ன இரண்டு வரியும் இருக்கின்றன. ஷெல்லிலேயே வைத்துவிட்டேன். ஏனென்றால் இந்த டெஸ்டில் ஏறக்குறைய எல்லாமே ஐபி கட்டளைகள், எங்கள் பரிசோதனைப் பலகைகள் சிலவற்றில் பைத்தானும் கிடையாது.

எதிர்மறைப் பகுதியில் ஒரு சிக்கல் இருந்தது, அதையும் சொல்கிறேன். ‘விதிவிலக்கு வரவில்லை’ என்பதை பிஸிவெய்ட்டால் காத்திருந்து பார்க்க முடியாது. வராத ஒன்றுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதற்குப் பதில், அனுப்புபவர் நேம்ஸ்பேஸின் ஐசிஎம்பி எண்ணிக்கையைப் பார்க்கிறேன். ‘சென்றடைய முடியவில்லை’ வகைச் செய்தி உள்ளே வந்த எண்ணிக்கை ஒன்று கூடும்வரை காத்திருக்கிறது, கூடியதும் விதிவிலக்கு இல்லை என்று சரிபார்க்கிறது. செய்தி வந்தது, கெர்னல் அதை வாங்கியது, இருந்தும் உருவாக்கவில்லை என்பது இப்போது உறுதி.

மிச்சம் இருப்பது ஐபிவி4, ஐபிவி6 இரட்டிப்பு. ஒரு லூப்புக்குள் இரண்டையும் வைக்கலாமா, அல்லது தனித்தனியாகவே விடலாமா?

---

கருமணி எழுதியது:

ஐசிஎம்பி எண்ணிக்கையைப் பார்ப்பது மிக நல்ல வழி. எதிர்மறை டெஸ்ட் எழுதும் எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லூப் வைக்கலாம், ஆனால் இரண்டு நிபந்தனை. ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பெயரில் முடிவு அச்சாக வேண்டும். சிஐ வரலாற்றைப் பெயரை வைத்துத்தான் தொடர்கிறது. ‘பாதை எம்டியூ’ என்று ஒரே வரி அச்சிட்டு, உள்ளே ஐபிவி6 மட்டும் தவறினால் எது தவறியது என்று பதிவைத் தோண்ட வேண்டும். அந்தப் பெயரில் தற்போக்கு போர்ட் எண்ணோ நேம்ஸ்பேஸ் வாலோ வந்துவிடக் கூடாது, ஒவ்வொரு ஓட்டத்திலும் அது புது டெஸ்டாகத் தெரியும்.

இரண்டாவது, லூப்புக்குள் ‘ஐபிவி6 என்றால் இது, இல்லை என்றால் அது’ என்று கிளைகள் முளைக்க ஆரம்பித்தால் லூப்பை விட்டுவிடுங்கள். பாதை எம்டியூவில் இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு இருக்கிறது. ஐபிவி6 ரவுட்டர் எந்நிலையிலும் துண்டாக்காது, ஆகவே அங்கே துண்டாக்காதே என்ற கொடியே கிடையாது, செய்தியும் ‘பாக்கெட் பெரிது’ என்ற தனி வகை. எண்ணிக்கை இருக்கும் இடமும் வேறு, ஐபிவி6-க்கு ‘/ப்ராக்/நெட்/எஸ்என்எம்பி6’ பார்க்க வேண்டும். அமைப்பை ஒன்றாக வைத்து, சரிபார்க்கும் ஃபங்ஷன் இரண்டாக இருக்கட்டும்.

அப்புறம் மொத்த நேரத்தைப் பாருங்கள். செட்டிங்ஸ் கோப்பு எதுவும் இல்லாத அடைவில் ஒரு டெஸ்டுக்கு 45 விநாடிதான் வரம்பு. உங்கள் சொந்த அடைவில் வைத்து ஓட்டினால் டீபக் கெர்னலில் பிஸிவெய்ட் வரம்புகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டுகிறதா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

---

வழித்தடம் எழுதியது:

சரி, சரிபார்ப்பு இரண்டு ஃபங்ஷன், அமைப்பு ஒன்று. முடிவுகள் ‘ஐபிவி4 விதிவிலக்கு’, ‘ஐபிவி4 லாக்’, ‘ஐபிவி6 விதிவிலக்கு’ என்று தனித்தனியாக அச்சாகும். ஐபிவி6 பக்கத்தில் லாக் நடத்தையைக் கெர்னல் மூலத்தில் படித்துவிட்டுத்தான் எதிர்பார்ப்பை எழுதப்போகிறேன். ஐபிவி4-ஐப் பார்த்து ஊகித்து எழுத விருப்பமில்லை. திருத்தத்தை எடுத்துவிட்ட கெர்னல் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறது, அதில் சிவப்பாவதைப் பார்த்ததும் பதிவை இங்கே ஒட்டுகிறேன்.